மரம் சாயும் முன் ஒரு கூப்பாடு

சின்னவளின் அம்மாவுக்கு,

நான் சுகம். என் அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? சின்னவள் அழாமல் பள்ளிக்கூடம் போகிறாளா?

மரம் வெட்டும் பயிற்சியில் இரண்டு மாதம் ஓடிவிட்டது. மரம் சாயும் முன், மற்றவர்கள் விலகிப் போக உரக்கக் கத்த வேண்டும். எந்த மொழியிலும் கத்தலாம். முதல் நாள் எனக்குக் குரலே எழும்பவில்லை. "உங்க வீட்டுல எப்படிக் கூப்பிடுவாங்களோ அப்படிக் கத்துப்பா" என்றார் பயிற்சியாளர். நான் எதிர்வீட்டில் கதையளந்துகொண்டிருக்கும்போது நீ வாசலில் நின்று இழுத்துக் கூப்பிடுவாயே, அதுதான் வாயில் வந்தது: "என்னங்க, சாப்பாடு ஆறுது."

அந்த ராகம் பிடித்துப்போய், தமிழ் தெரியாத என் குழுவின் மற்ற எட்டுப் பேரும் அர்த்தம் புரியாமலே அதையே கத்த ஆரம்பித்தார்கள்.

போன வாரம் எங்கள் குழுவின் நெட்டையன் அச்சு அசல் உன் இழுப்பிலேயே கத்தினான். எல்லோரும் விலகி ஓடினார்கள். நான் மட்டும் மரத்தடியில் நின்ற அவனை நோக்கி நடந்தேன். ஒரு கிளை தோளைத் தட்டிவிட்டுப் போனது, அவ்வளவுதான். பயப்படாதே. "மரம் விழுற பக்கமா போவாங்க?" என்று பயிற்சியாளர் காய்ச்சி எடுத்துவிட்டார். இப்போது கூப்பாடு கிடையாது, விசில்தான்.

கெட்டியான காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. வலிக்குத் தடவும் தைலமும் ஒரு சீசா. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, அந்தச் சாப்பாட்டுக் கூப்பாட்டை ஒரே ஒரு தடவை சொல்லு. ஏன் என்று கேட்காதே.

சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. இங்கே மணிதான் கூப்பிடுகிறது.

உன்னவன்