ஆறேகால் மணி அழைப்பு

ஒஹாயோ,
மார்ச் 17, 2010

அன்புத் தம்பி டுவைட்டுக்கு,

அக்கா நோரீன் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? நவம்பர் விருந்தில் வான்கோழியை அறுக்கும் முன்பே, எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு தரப்போகும் இந்தச் சட்டத்துக்காக நீயும் உன் அத்தான் ஆர்லனும் கட்டிப் புரளாத குறையாகச் சண்டை போட்டீர்கள். ஜனவரியில் அவரை அடக்கம் செய்தபோதுகூட நீ வரவில்லை. போகட்டும், அதைக் கிளற இதை எழுதவில்லை.

ஆர்லன் தினமும் போன் செய்கிறார், டுவைட்.

எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை. டயர் ஆலை மூடிக் காப்பீடு போன கதையை, அக்டோபரில் எங்கள் கட்சிக்காரர்கள் அவரைப் பேசவைத்துப் பதிவு செய்தார்களே, அந்தக் குரலைத்தான் பிரசாரத்துக்காக வீடு வீடாகப் போனில் ஒலிக்கவிடுகிறார்கள். மாலை ஐந்தரைக்கு எங்கள் கட்சியிலிருந்து மணி அடிக்கும். "நான் ஆர்லன். மருந்து வாங்க வழியில்லாம கெடக்கேன். சட்டத்தை ஆதரிங்க." ஆறேகாலுக்கு உன் கட்சியிலிருந்து மறுபடியும் அவரே. "நான் ஆர்லன். இந்தச் சட்டத்தை நெனச்சா பயமா இருக்கு." சட்டம் வராமல் போய்விடுமோ என்றுதானடா அவர் பயந்தார்! எங்கள் பதிவையே எடுத்து வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள். உயிரோடு இருந்தபோது சொல்லாததைச் செத்த பிறகு சொல்கிறார். எரிகிற வீட்டில் பிடுங்கின வரை லாபம்.

நிறுத்தச் சொல்லி இரண்டு அலுவலகத்துக்கும் பேசினேன். "மொதல்ல அவங்க நிறுத்தட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றான் எங்கள் ஆள். உங்கள் ஆளும் அட்சரம் பிசகாமல் அதையே சொன்னான்.

நேற்று ஆறேகாலுக்கு என்னை அறியாமல், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பேச்சு ஒரு நொடி நின்றது. இத்தனை நாளில் அந்த இடத்தில் நின்றதே இல்லை. பிறகு இருமல் கேட்டது. போனை வைத்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தது. அது என்னுடையது என்று புரியச் சற்று நேரமாயிற்று.

ஒரு மாதமாக இருக்கிறது. அவருக்குத் தொடங்கிய மாதிரியேதான். ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டையைக் கேட்டார்கள், திரும்பி வந்துவிட்டேன்.

குரலைப் பதிவு செய்த அன்று அவர் கடைசியாக ஒன்று சொன்னார். காபி ஊற்றிக்கொண்டிருந்த நான் என் காதால் கேட்டேன். "எவன் ஜெயிச்சா எனக்கென்ன? நோரீனை மட்டும் யாராவது பாத்துக்குங்கப்பா." அதை மட்டும் இரண்டு கட்சியும் வெட்டிவிட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாடாளுமன்றத்தில் இந்தச் சட்டத்துக்கு வாக்கெடுப்பாம். அதற்குள் ஒரு சாயங்காலம் வந்துவிடு. யார் பக்கம் நியாயம் என்று பேச வேண்டாம். ஆறேகாலுக்கு மணி அடித்தால் நீ எடு. நான் எடுத்தால், "கூப்பிடுங்க, வர்றேன்" என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பிள்ளைகளோடு நூறு வயது நன்றாக இரு.

உன் அக்கா,
நோரீன்