கடலாதெனியவில் பாறையேறிய நாள்

ஞாயிறு இரவு, குண்டசாலை

என் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கும்பகோணம் போகும் பேச்சையே எடுக்கக்கூடாது என்று மகள் வசந்தி சொல்லியிருந்தாள். "கும்பகோணம், தாராசுரம்னு கோயில் கோயிலா நடக்கணும்மா. ஒங்களால முடியாது."

இன்று அவளைப் பாறைமேல் இருக்கும் பழைய புத்தகோயிலான கடலாதெனிய விகாரைக்குக் கூட்டிப்போனேன். அவள் கண்முன்னே வெறுங்காலோடு பாறையில் ஏறினேன். பாதியில் கால் நடுங்கியது. பிடிக்க ஓடிவந்தாள்.

"விடு, நானே வர்றேன்."

மேலே கல்தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சுவாங்கினேன். "இதக் கட்டின சிற்பி தென்னிந்தியாவுல இருந்து கடல் தாண்டி இங்க வந்தவராம். நான் அங்க போகக் கூடாதா?"

 திரும்பும்போது பஸ்ஸில்தான் வசந்தி கேட்டாள்: "பாஸ்போட் எங்கம்மா வச்சிருக்கீங்க?"

இப்போது முழங்கால் வீங்கிவிட்டது. அவள் தூங்கிய பிறகு எண்ணெய் தேய்த்தேன். காலையில் நொண்டாமல் நடந்து, நானே தேநீர் போட்டுக் கொடுக்க வேண்டும்.