சுவர் அதிரவில்லை

இவ்வளவு நாள் பேசாமல் இருந்தது போதும். நேற்றுக் காலை கீதா என் வாசலில் வந்து நின்றதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நீ கண்ணை மூடி ஏழு மாதமாகிறது. உன் மனைவி இப்போதுதான் உன் அறையை ஒதுக்கத் தொடங்கியிருக்கிறாள். அவள் கையில் கறுப்பு ரப்பர்க் கட்டை ஒன்று.

"அண்ணா, இது அந்த சப்வூஃபருக்கு அடியில இருந்ததாக்கும். இந்த மாதிரி நாலு இருக்கு. உங்களுக்கு வேணுமோ?"

வாங்கிப் பார்த்துவிட்டு வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தேன்.

"சனிக்கிழமை ஒராள் வந்து பெட்டிய எடுத்துண்டு போறார். மாமனார் வாசிச்சத ஒரு தடவையாவது அதுல போட்டுக் கேக்கணும்னு இருந்தது. உங்க சுவர் அதிருமேன்னு இவர் தொடவே விடலை. நானும் தொடலை."

"சரி" என்றேன். கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். எத்தனை முறை கழுவியும் ரப்பர் வாசனை விரலை விட்டுப் போகவில்லை.

ஸ்ரீவராகம் தெருவில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். நீ தும்மினால் என் கூடத்தில் கேட்கும். அந்த வீட்டில்தான் உன் அப்பாவின் மிருதங்கக் கச்சேரிகளைப் பழைய கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றினாய். "சின்ன ஸ்பீக்கர்ல அப்பாவோட வலது கை மட்டும்தாண்டா இருக்கு. இடது பக்கத் தொப்பி எங்க போச்சுன்னே தெரியலை" என்று புலம்பினாய். அந்த இடது கைக்காகத்தான், தாழ்ந்த ஒலியை எழுப்பும் அந்த சப்வூஃபர் பெட்டி வந்தது. வந்த அன்றே என் அலமாரிக் கண்ணாடி கிர்ரென்று நடுங்கியது. சண்டைக்கு வந்தேன். நீ கோபப்படவில்லை. "தப்பு என்னோடதுதான், சரி பண்றேன்" என்றாய். அந்தப் பொறுமையைக் கண்டாலே எனக்கு எரியும்.

எரிச்சலுக்குக் காரணம் பெட்டி அல்ல. அதற்கு முன்பே, நாம் இருவரும் வேலை பார்த்த ஆபீஸில் நடந்த விசாரணையில் என் மேஜையிலிருந்துதான் ஃபைல் காணாமல் போனது என்று நீ சாட்சி சொன்னாய். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன் நீ. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் பதவி உயர்வு அதோடு போயிற்று. நீ சொன்னது உண்மை. உண்மை என்பதாலேயே எனக்குப் பொறுக்கவில்லை.

பெட்டிக்கு அடியில் முதலில் நீ கூரான இரும்பு முள் கால்களை மாட்டினாய். எங்கேயோ படித்திருந்தாய். சிமென்ட் தரையில் அதிர்வு நேராக இறங்கி, முன்பைவிட மோசமாயிற்று.

"முள் வெச்சா அதிர்வ பூமி வாங்கிக்குமாம்டா."

"பூமி வாங்கலை. என் அலமாரிதான் வாங்கறது. நீயும் உன் படிப்பும்!"

பிறகு மூலையிலிருந்து நகர்த்தினாய். பொதுச் சுவரை விட்டு எதிர்ப்பக்கம் கொண்டுபோனாய். ஒவ்வொரு ஞாயிறு காலையும் தாழ்ந்த சுருதி ஒன்றை ஓடவிட்டு, அங்கிருந்து எனக்கு போன் செய்வாய். "சுவர்ல கைய வை. இப்போ உண்டா?" நான் உள்ளங்கையை வைத்துக்கொண்டு "உண்டு" என்பேன். அந்த வாரங்களில் அது நிஜம்.

கடைசியாக, சமையல் மேடை போட்டதில் மிஞ்சிய கிரானைட் பலகையை நான்கு ரப்பர்க் கட்டைகளின் மேல் வைத்து, அதன் மேல் பெட்டியை ஏற்றினாய். போன் வந்தது. கையை வைத்தேன். ஒன்றுமில்லை. காதை வைத்தேன். ஒன்றுமில்லை. அலமாரிக் கண்ணாடி அசையாமல் நின்றது.

"இப்போ?"

"உண்டு."

"ஐயோ, எவ்வளவு?"

"பழைய மாதிரிதான்."

"சரிடா. இனி உனக்கு உபத்திரவம் வேண்டாம்" என்றாய். அதோடு பெட்டியை நிறுத்திவிட்டாய். என் சொல்லை நம்பினாய். நான் பொய் சொல்வேன் என்று உனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் ஒருநாள் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப்பில் உன் காதில் ஹெட்போன். "கேக்கறதுடா, ஆனா காதோட நின்னுடறது. அப்பா வாசிச்சா வயித்துல வந்து இடிக்கும், ஓர்மை உண்டோ?" என்று சிரித்தாய். எனக்கு நன்றாகவே நினைவுண்டு. இல்லை என்று தலையாட்டினேன். பஸ்ஸில் ஏறியபோது, கணக்குத் தீர்ந்தது என்று ஒரு நிம்மதிகூட வந்தது. அது நான்கு நாள்கூட நிலைக்கவில்லை. உன்னிடம் வந்து சொல்ல இரண்டு வருடம் இருந்தது. நடுவில் ஒரு சுவர்தான். நான் வரவில்லை.

நேற்றாவது கீதாவிடம் சொல்லியிருக்கலாம். முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை. அதனால்தான் உன் பெயருக்கே இதை எழுதுகிறேன். உனக்கு வரும் தபாலை இப்போது அவள்தான் பிரிக்கிறாள். கீதா, கட்டை வைத்த பிறகு என் சுவர் அதிரவில்லை. சனிக்கிழமை வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடு. கட்டைகளை முன்பு இருந்தபடியே வை, பலகையை அதன் மேல் வை, மூலைக்குத் தள்ளாதே. உன் மாமனாரைப் போட்டுக் கேள்.

விசாரணையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது என்னோடு இருக்கும். அதைவிடக் கனமாக, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன "உண்டு" இருக்கிறது. பல் தேய்க்கும்போதும் சட்டை மாட்டும்போதும் அது கேட்கிறது.

இன்று புதன். இப்போதே போட்டால் வெள்ளிக்குள் சேர்ந்துவிடும். அடியில் என் பெயரெழுத இரண்டு முறை பேனாவைத் திறந்தேன். முதல் பத்தியிலேயே கீதாவுக்கு ஆள் தெரிந்துவிடும், தெரியட்டும். அந்தப் பெயரை என் கையால் எழுதிக் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. கையெழுத்தில்லாமலே ஒட்டி, தபாலில் சேர்க்கப் போகிறேன்.