கோஜோ அண்ணன் கூட்டிய பகல்

கடலுக்கு அந்தப் பக்கம் உறங்கும் என் கோஜோ அண்ணனுக்கு,

இசக்கி எழுதுகிறேன். குற்றாலத்தில், ஐந்தருவிச் சாலை முகாமில் பாத்திரம் துலக்கிய இசக்கி. உங்களுக்குத் தமிழ் கொஞ்சம் பேசத்தான் வரும், வாசிக்க வராது. இப்போது அது ஒரு தடையாக இருக்காது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உங்களோடு முகாமில் இருந்த மென்சா அண்ணன் போட்ட கடிதம் போன வாரம் வந்தது. முகாம் மூடியே வெகுநாளாகிவிட்டது. தபால்காரர் அங்கே இங்கே விசாரித்து, எங்கள் தெரு முனையில் நின்று கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். இங்கிலீஷ் கடிதம். மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடம் சொன்ன டீச்சரம்மாவிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் முதலில் மனதுக்குள் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உக்காரு இசக்கி" என்றார். நான் உட்காரவில்லை.

பர்மாவில் நெஞ்சில் வாங்கிய காயம் உள்ளுக்குள் ஆறவே இல்லையாம். மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, பத்தே நாளில் போய்விட்டீர்களாம். அண்ணே, முகாமில் ஒருநாள்கூட இருமிக் காட்டாத மனுஷன் நீங்கள். எங்களுக்குத் தெரியாமல் எங்கே போய் இருமினீர்கள்?

நீங்கள் வந்தது சண்டை முடிந்த வருடத்துச் சாரலில். காயம் ஆறிக் கப்பலுக்குக் காத்திருந்த நாற்பது பேரை மலைக்காற்றுக்காக இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். உங்களுக்கு முன்னாலேயே உங்களைப் பற்றிய பேச்சு கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. ஆப்பிரிக்காப் பட்டாளம் ஆளைத் தின்னும் என்றார்கள். லாரி வந்த அன்று பாதிக் கடைகளில் கதவை இழுத்து மூடினார்கள். "அங்கன வேலைக்குப் போகாதட்டி" என்று எங்கள் தெருப் பெண்களே என்னைத் தடுத்தார்கள். எனக்கு வேலை வேண்டியிருந்தது. போனேன்.

மறுநாள் காலையில் விறகுக்கட்டோடு அருவிக்கரை வழியாக வந்தபோதுதான் உங்கள் எல்லோரையும் ஒன்றாகப் பார்த்தேன். ஐந்து விழுதாக இறங்குகிற தண்ணீருக்கு அடியில் வரிசையாக நின்றீர்கள். தண்ணீர் விழுந்து தெறித்த ஒவ்வொரு தோளும் நனைந்த மலைப்பாறை மாதிரி மின்னியது. ஊர் எனக்கு வைத்த பெயர் கருப்பி. வசவாகத்தான் கூப்பிடுவார்கள். அந்த நிறத்தைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான். தலையில் விறகு இருந்ததே மறந்துபோயிற்று.

ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. அருவிக்குள் போனால் கிழவர்கள்கூடக் கூச்சல் போடுவார்கள். நீங்களோ உத்தரவுக்குக் குளிப்பவர்கள் போலக் குளித்தீர்கள். விசில் ஊதியதும் ஏறிப் போய்விட்டீர்கள்.

அதன் காரணத்தை நீங்களே பிறகு சொன்னீர்கள். மதராஸ் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் படுத்துக் கற்றுக்கொண்ட தமிழில், அடுப்படி வாசலில் நின்று, "தங்கச்சி, பேர் என்ன?" என்று கேட்டீர்கள். முகாமில் என் பெயரைக் கேட்ட முதல் ஆள் நீங்கள். சொன்னேன். "நான் திங்கள்கிழமை பிறந்தேன். அதனால் கோஜோ" என்றீர்கள். அப்புறம் மெதுவாக, "நாற்பது பேர். ஒன்பது பாஷை. சிலர் அல்லா, சிலர் ஏசு. காட்டில் எல்லோரும் ஒன்றாகச் சுட்டோம். இப்போது ஒருவன் முகத்தை ஒருவன் பார்ப்பதில்லை. பார்த்தால் செத்தவன் முகம் வருகிறது" என்றீர்கள். உங்கள் நாட்டு வடக்கத்தி ஆளான மூசா பர்மாவிலிருந்து வந்த நாள் முதல் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னீர்கள்.

இரண்டு நாள் கழித்து எங்கள் தெருவுக்கே வந்துவிட்டீர்கள். உடுப்போடு, சார்ஜன்ட் பட்டையோடு. பிள்ளைகள் ஓடி ஒளிந்தார்கள். என் வீட்டுக்காரர் தப்புப் பறையை அனலில் காய்ச்சிக்கொண்டிருந்தார். நீங்கள் அவருக்கு எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்தீர்கள். அவர் பதறி எழுந்தார். கையைப் பிடித்து உட்காரவைத்தீர்கள்.

"ஞாயிற்றுக்கிழமை நீ வந்து வாசிக்கணும்" என்றீர்கள்.

எங்களை ஊரார் கூப்பிடுவது இரண்டுக்குத்தான். ஒன்று சாவு, இல்லாவிட்டால் தண்டோரா. அதனால் அவர் தலையைக் குனிந்துகொண்டு, "யாரு செத்தது, எசமான்?" என்று கேட்டார்.

"யாரும் சாகவில்லை. நாங்கள் சாகவில்லை. அதற்குத்தான்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். உயிரோடு இருப்பதற்காகக் கொட்டுவது என்று ஒன்று உண்டு என்று எங்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

அந்த வாரம் முழுக்க உங்களோடு அலைந்தேன். உங்கள் ஊர்க் கிழங்கு எது என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் மரவள்ளியைக் காட்டினேன். அதைக் கையில் வாங்கி மோந்து பார்த்தீர்கள், கண் கலங்கிவிட்டது. செங்கோட்டைச் சந்தையில் இரண்டு வண்டிக் கிழங்கும் கருவாடும் வாங்கினோம். அவித்த கிழங்கை உரலில் போட்டு நீங்களே உலக்கை பிடித்தீர்கள். நான் குத்துக்கு நடுவே கைவிட்டுப் புரட்டிக் கொடுத்தேன். ஃபுஃபு என்று அதற்குப் பெயர் சொன்னீர்கள். ஆம்பிளை உலக்கை போடுவதைப் பார்க்க எங்கள் தெருவே திரண்டு வந்தது. முகாம் கேப்டன் துரை, பொழுது சாயும்வரை கூடலாம் என்று உத்தரவு கொடுத்தார். வெளியாட்கள் கூடாது என்றாராம். "அவர்கள் வெளியாட்கள் இல்லை, எங்கள் வாத்தியக்காரர்கள்" என்று நீங்கள் சொன்னதாக மென்சா அண்ணன்தான் சொன்னார்.

ஒன்றை மட்டும் நாங்கள் உங்களிடம் சொல்லவில்லை, அண்ணே. சனிக்கிழமை, நாங்கள் வேலை பார்க்கிற வயலுக்குச் சொந்தக்காரரான மேல்வீட்டு அய்யா என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏலே மாடசாமி, நாளைக்கு அங்கன போய்க் கொட்டப் போறியாமே?"

"சார்ஜன்ட் கூப்பிட்டிருக்காரு, சாமி."

"யாரோ கூப்பிட்டா நீ போயிருவியோ? போ. போயிட்டு என் வயல்ல கால் வைக்கப்படாது. உனக்கு மட்டுமில்ல, உன் தெருவுக்கே சொல்லுதேன்."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். "என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"நான் கொட்டுததைக் கேக்கணும்னு இதுவரைக்கும் ஒருத்தரும் நம்ம வாசலுக்கு வந்ததில்லட்டி. அவரு வந்து தரையில உக்காந்து கேட்டுட்டுப் போயிருக்காரு. நான் எப்படிப் போகாம இருப்பேன்?"

"தெருக்காரங்க?"

"உள்ளதைச் சொல்லிருதேன். வாரவங்க வரட்டும்."

பதினோரு வீட்டிலிருந்தும் வந்தார்கள். ஒரு வீடுகூட ஒதுங்கி நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முகாம் வேலிக்கு வெளியே வந்து நின்றோம். யாரும் நிற்கச் சொல்லவில்லை; கால் தானாக அங்கே நின்றது. நீங்கள் வந்தீர்கள். "உள்ளே வா" என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரரின் தோளில் கையைப் போட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடந்தீர்கள். பேச்சு முடிந்தபோது நாங்கள் எல்லோரும் மாமரத்தடியில், விரித்த பாயில் இருந்தோம். பெரிய தாம்பாளங்களில் கிழங்குக் களி, கடலைக்குழம்பு, கருவாடு. ஒரு தாம்பாளத்துக்கு ஆறு பேர். உங்கள் கையும் என் கையும் மென்சா அண்ணன் கையும் ஒரே குழம்பில். நான் என் கையை இழுத்துக்கொண்டேன். நீங்கள் கவனித்தீர்கள். ஒரு மீன் துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளிவைத்தீர்கள். நான் சாப்பிட்டேன்.

பிறகு கொட்டு. உங்கள் ஆட்கள் ரேஷன் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு அடித்தார்கள். என் வீட்டுக்காரருக்கு முதலில் பிடிபடவில்லை. அவர் ஒரு பக்கம், தகரம் ஒரு பக்கமாகப் போயிற்று. அவர் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடித் தலையை ஆட்டிக் கேட்டார். நான் பயந்தேன். அப்புறம் சின்னக் குச்சியால் மட்டும், ஓரத்தில், மெல்லத் தொட்டுத் தொட்டு உள்ளே நுழைந்தார். எந்த இடத்தில் இரண்டும் ஒன்றாயிற்று என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

நான் சாமியாட்டம் பார்த்திருக்கிறேன், கோயில் கொடை பார்த்திருக்கிறேன். இது வேறு. யாரிடமும் எதையும் கேட்காத ஆட்டம். ஒவ்வொருவராக நடுவில் வந்து தன் ஊர்ப் பெயரை உரக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் அதைத் திரும்பச் சொன்னார்கள். வாயில் நுழையாத அந்தப் பெயர்களை எங்கள் தெருக்காரர்களும் சொன்னார்கள். சாரல் விழ ஆரம்பித்தது. யாரும் ஒதுங்கவில்லை.

அப்போதுதான் மூசா எழுந்தார். வட்டத்துக்குள் வந்து நின்றார். கொட்டு தானாகத் தணிந்தது. ஊர்ப் பெயரைச் சொல்வார் என்று காத்திருந்தோம், அவர் பாடினார். நடுங்குகிற, துருப்பிடித்த குரல். அந்தப் பாஷை உங்களுக்கே தெரியாது என்று பிறகு சொன்னீர்கள். ஆனால் இரண்டாவது அடி முடிவதற்குள் எல்லோரும் அதன் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டீர்கள். எங்களுக்கும் அது வந்தது. மலையிலிருந்து இறங்கின மேகம் மாமரத்துக்குள் புகுந்து, அவர் முகத்தை மறைத்து மறைத்துக் காட்டியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பெரிய கோயிலுக்குள் போகிறவர்களுக்கு இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். எங்கள் சனத்தை அதற்கு முன்னால் எங்கே உள்ளே விட்டிருந்தார்கள்?

உங்களைத் தேடினேன். நீங்கள் ஆடவில்லை. அடுப்புப் பக்கம் ஈர விறகின்மேல் உட்கார்ந்து, எல்லோரையும் பார்த்துச் சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். மறுநாள் அருவியில் உங்கள் ஆட்கள் போட்ட கூச்சல் முகாம் அடுப்படிவரை கேட்டது.

மேல்வீட்டு அய்யா சொன்னதைச் செய்தார். ஒரு மாதம் எங்கள் தெருவில் ஒருவருக்கும் வயல் வேலை இல்லை. மிச்சமிருந்த மரவள்ளியைத்தான் தின்றோம். பிறகு என் வீட்டுக்காரருக்குத் தென்காசி ரயில் ஸ்டேஷனில் மூட்டை ஏற்றும் வேலை கிடைத்தது. இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டார். நடவு வந்ததும் ஆள் இல்லாமல் அய்யாவே சொல்லியனுப்பினார். பாதிப் பேர் போனார்கள், பாதிப் பேர் போகவில்லை. போக வேண்டிய கட்டாயம் இல்லை என்பதே எங்கள் தெருவுக்குப் புதுசு. நீங்கள் அதற்குள் கப்பல் ஏறிவிட்டீர்கள்.

இப்போது இங்கே கொடி மாறிவிட்டது. வெள்ளைக்காரத் துரைமார் போய்விட்டார்கள். மேல்வீட்டு அய்யா அப்படியேதான் இருக்கிறார்.

அடுத்த வருடச் சாரலுக்கு என் வீட்டுக்காரர், "கூடணும்ட்டி" என்றார். இலஞ்சிப் பக்கம் ஒரு புறம்போக்கில் கூடினோம். எந்தச் சாமிக்கு, யார் வீட்டுக் கல்யாணம் என்று வழியில் போனவர்கள் கேட்டார்கள். "சும்மாதான். நாங்க கூடுதோம்" என்றேன். அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? போன வருடம் கடையத்திலிருந்தும் பண்பொழியிலிருந்தும் நம் சனம் வண்டி கட்டி வந்தது. அவரவர் ஊர்ப் பெயரை அவரவர் சொன்னார்கள்.

இந்த வருடம் கூட வேண்டாம், துக்கம் என்று இருந்தேன். கடிதம் வந்த அன்று என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகவில்லை. தெருப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். "கடையத்துக்காரங்களுக்கு என்ன சொல்லுதது?" என்று ஒருத்தி கேட்டாள். அவர்தான் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "வரச் சொல்லு."

கடிதத்தின் கடைசிப் பக்கத்தை டீச்சரம்மா இரண்டு தடவை வாசித்தார். ஊருக்குப் போனபிறகு நீங்களும் வருடத்துக்கு ஒரு பகல் எல்லோரையும் கூட்டினீர்களாம். உங்கள் தங்கை எஃபுவா சமைப்பாளாம். அவள் இப்போது மென்சா அண்ணனைப் போட்டுத் துளைக்கிறாளாம். நாலு வருடம் என் அண்ணன் எங்கே இருந்தான், என்ன செய்தான், சண்டையைத் தவிர வேறு ஒன்றுமே இல்லையா என்று. அவருக்குச் சொல்ல வரவில்லையாம். "இசக்கி, உனக்கு எழுதத் தெரியும்" என்று முடித்திருக்கிறார்.

எனக்குத் தெரியும், அண்ணே. அந்த நாலு வருடத்தில் ஒரு பகல் முழுசாக எங்களிடம் இருக்கிறது. நீங்கள் விறகின்மேல் உட்கார்ந்திருந்த விதம், சட்டையின் முதல் பொத்தான் கழன்றிருந்தது, குழம்பில் உப்பு தூக்கல் என்று நீங்கள் முகம் சுளித்தது வரை. ஒன்று விடாமல் எழுதி, டீச்சரம்மாவை இங்கிலீஷாக்கச் சொல்லி, எஃபுவாவுக்கு அனுப்பிவைக்கிறேன். அவள் அண்ணன் சிரித்தான் என்று அவளுக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு,
எஃபுவாவுக்கு அடுத்த உங்கள் தங்கச்சி,
இசக்கியம்மாள்