அப்பாவின் லோரிக்கு ஒரு ப்ராசசர்

அப்பா,

உங்கள் கணினிக்குப் புது ப்ராசசர் வாங்கி வந்திருக்கிறேன். பழையதைக் கழற்ற மேசையை நகர்த்தினால், சுவரோரம் காய்ந்துபோன எலுமிச்சம்பழத் தோல் ஒன்று. முகர்ந்து பார்த்தேன். வாசனை இல்லை, சிரிப்புத்தான் வந்தது.

சர்க்கரை வியாதியில் வலது காலை எடுத்த பிறகு, கிள்ளான் வீட்டு ஜன்னலோரமே உங்கள் இடம் என்றாகிவிட்டது. துறைமுகத்துக்குப் போகும் லோரிகளின் சத்தத்தை வைத்தே, "கியர மாத்துடா மடையா" என்று திட்டுவீர்கள். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை சும்மா கிடந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் லோரி ஓட்டும் கேமைக் காட்டினேன். "எனக்கும் ஒரு கம்ப்யூட்டர் செஞ்சு குடு லா" என்றீர்கள்.

கையில் இருந்த பணம் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி. மூன்று வாரம் வீடியோ பார்த்து நான் பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்ததோ பெரிய ப்ராசசர். கோலாலம்பூர்க் கடைக்காரரும் "பத்து வருஷம் தாங்கும் அங்கிள்" என்றார்.

"இத போட்டா இன்னிக்கே லோரி ஓடுமா பாஸ்?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

"படம் தெரிய கார்டு தனியா வேணும். அப்புறமா வாங்கிக்கலாம்."

"அப்ப எஞ்சின மட்டும் வாங்கி வாசல்ல வெச்சு வேடிக்கை பாக்கவா? ரெண்டு வேலையும் பாக்குற சின்னது இல்லையா?"

இருந்தது. எனக்கு நல்ல மூக்குடைப்பு. மிச்சக் காசில் ஸ்டியரிங்கும் பெடலும் வந்தன.

வீட்டில், "புது வண்டி" என்று சொல்லி, சக்கர நாற்காலியின் பெரிய சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னீர்களே! நான் தம் பிடித்துத் தள்ள, சாறு அம்மாவின் சேலையில் தெறித்தது. "கூத்தப் பாரு!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

படம் சுமார்தான். மரமெல்லாம் பச்சைப் பெட்டி. "மரத்தையா ஓட்டப் போறேன்? ரோடு தெரியுது, போதும்." இடது காலால் மிதித்து, ஈ காக்கை இல்லாத முனையிலும் சிக்னல் போட்டுத் திரும்பினீர்கள். "யாருக்கு சிக்னல்?" என்று அம்மா கேலி செய்தார்.

"சிக்னல் போடாதவன் டிரைவரா?" என்றீர்கள். காலை எடுத்த நாள் முதல் 'டிரைவர்' என்ற வார்த்தை உங்கள் வாயில் வந்ததில்லை.

இன்று கடையில் நானும், "இன்னிக்கே ஓடுமா பாஸ்?" என்றுதான் கேட்டேன். மாட்டியாயிற்று. ஓடுகிறது. நீங்கள் கண்மூடும் முன் கடைசியாக நிறுத்திய இடத்திலேயே லோரி நிற்கிறது. என் நாற்காலிச் சக்கரத்துக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து உருட்டினேன். வாசனை சமையலறைக்கே போய்விட்டது போல. அம்மா துடைக்கிற துணியோடு வந்து நின்றார். தரையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"சிக்னல் போட்டுட்டு எடு" என்றார்.