காப்புறுதிக்கு வாழ்த்துகள், அண்ணை

எந்த உலகத்தில் இருந்தாலும் அங்கேயும் இரண்டு பேரைச் சேர்த்துவைக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கும் என் பெரியண்ணைக்கு,

வருகிற மாதம் உங்கள் ஆட்டைத் திவசம். ஒரு வருடம் ஓடிவிட்டது. படையலுக்கு என்ன மரக்கறி வைப்பது என்று கேட்டு மச்சாள் இப்போதே அழத் தொடங்கிவிட்டா. நான் அழவில்லை. எனக்கு உங்கள்மேல் கோபம். செத்தவர்மேல் கோபப்படுவது பாவம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

அந்தக் கேக் நினைவிருக்கிறதா? பிராண்டேயில் காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலையில் உங்களோடு இரண்டு பேர் வேலை செய்தார்கள். எதியோப்பியாவின் திக்ராயிலிருந்து வந்த தெஸ்பாய், எல்லைக்கு அந்தப் பக்கம் எரித்திரியாவிலிருந்து வந்த யோனாஸ். இருவருக்கும் தாய்மொழி ஒன்றுதான். ஆனாலும் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. பக்கத்தில் நிற்பவனிடம் ஒரு சாமான் வாங்கவேண்டுமென்றால்கூட நடுவில் நிற்கும் உங்களிடம் டேனிஷில் கேட்பார்கள்.

பிறகு இரண்டு நாட்டுத் தலைவர்களும் விமானநிலையத்தில் கட்டிப்பிடித்தார்கள். வெளிநாட்டுத் தூதர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். ரிவிக்கு முன்னால் நீங்களும் கைதட்டினீர்கள். அடுத்த நாளே பேக்கரிக்குப் போய், இரண்டு கொடியும் வைத்துச் சமரசத்துக்கு வாழ்த்தும் எழுதிய கேக் ஒன்று செய்யச் சொன்னீர்கள். டேனிஷில் சமரசத்துக்கு ஃபொர்சோனிங் என்று பெயர். உங்கள் வாயில் வந்ததோ ஃபொர்சிக்ரிங், அதாவது இன்சூரன்ஸ், காப்புறுதி. 'காப்புறுதிக்கு வாழ்த்துகள்' என்று சிவப்பு எழுத்தில் எழுதப்பட்டு கேக் கன்ரீனுக்கு வந்துசேர்ந்தது.

கன்ரீன் முழுக்கச் சிரித்தது. தெஸ்பாயும் யோனாஸும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து, சிரித்த வேகத்தில் கட்டிப்பிடித்தும் விட்டார்கள். அன்று பின்னேரம் என் வீட்டுக்கு வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னீர்கள்:

"பாத்தியே, என்ரை வாய் தடுக்கினதாலை ரெண்டு நாடு ஒண்டாச்சு."

அதன்பிறகு இருவரும் உங்கள் காரில்தான் வேலைக்கு வந்தார்கள்.

எவ்வளவு காலம் தாங்கியது? திக்ராயில் போர் தொடங்கியது, எதியோப்பிய அரசுக்குத் துணையாக எரித்திரியப் படை எல்லை தாண்டி வந்தது. தெஸ்பாயின் தங்கை தனியே இருந்த வீட்டின் கதவைத் தட்டியவர்கள் அவளுடைய மொழியிலேயே கூப்பிட்டார்களாம். தன் மொழி கேட்டதால்தான் திறந்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். கொண்டுபோனார்கள். இன்றைக்கும் ஒரு தகவல் இல்லை.

யோனாஸ் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. தாய் தகப்பன் இன்னும் அங்கேதான், கதைத்தால் அவர்களுக்கு ஆபத்து என்று உங்களிடம் மட்டும் சொன்னான். தெஸ்பாய் உங்கள் காரில் ஏறுவதை நிறுத்தினான். நீங்களோ ஆசுப்பத்திரிக் கட்டிலிலும் "ஒருநாள் கைகுடுப்பாங்கள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

போன சனிக்கிழமை கோல்டிங் நூலகத்தில் ஒரு கூட்டம். அந்த நாடுகள் பக்கம் பல வருடம் இருந்து ஓய்வுபெற்ற டேனிஷ் தூதுவர் ஒருவர், அந்த இரண்டு நாடுகளின் சமரசம்பற்றிப் பேசினார். தெஸ்பாய் பிறகு வாங்கிய காரையும் விற்றுவிட்டான், நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவனிடம் ஒரேயொரு கேள்வி இருந்தது: பெரிய இடங்களில் பழக்கம் உள்ள இந்த மனிதர், அவனுடைய தங்கை எங்கே என்று யாரிடமாவது கேட்பாரா? போகும் வழியெல்லாம் அதை டேனிஷில் சொல்லிச் சொல்லிப் பழகினான். உள்ளே போனால், கடைசி வரிசையில் யோனாஸ் இருந்தான்.

தூதுவர் நல்ல மனிதர்தான். குரலும் பஞ்சு மாதிரி. இரண்டு நாடுகளும் மறுபடி முறைத்துக்கொண்டு நிற்கின்றன, துறைமுகம், எல்லை, வியாபாரம் எல்லாவற்றையும் பேசித் தீர்க்கலாம், வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஒரு பக்கம் சாயக்கூடாது என்றார். அந்தக் கட்டிப்பிடிப்பு அருமையான தொடக்கம் என்றும் சொன்னார். பாம்பும் சாகாமல் தடியும் முறியாமல் ஒரு மணித்தியாலம் பேச அவரால் முடிந்தது.

தெஸ்பாய் எழும்பிக் கேட்டான். பழகிய டேனிஷில் ஒரு பிழையும் வரவில்லை. தூதுவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். தனித்தனி ஆட்களின் துயரத்தை முதலிலேயே மேசையில் வைத்தால் இரண்டு அரசுகளும் எழும்பிப் போய்விடும், முதலில் நம்பிக்கை வளரட்டும், அதற்கெல்லாம் ஒரு காலம் வரும் என்றார். எங்கள் ஊர்ப் போரில் காணாமற்போன மச்சாளின் தம்பி எனக்கு ஞாபகம் வந்தான். அவன் எங்கே என்று கேட்டபோது எங்களுக்கும் இப்படித்தானே நல்லிணக்கம் என்று பாடம் எடுத்தார்கள். அதை நீங்களும் நம்பினீர்கள், அண்ணை.

காரை இடித்துக்கொண்டால் காப்புறுதிக்காரர் தருவது போக, நாங்கள் கையிலிருந்து கட்டவேண்டிய பங்கு ஒன்று இருக்கிறதல்லவா? இங்கே அதற்குப் பெயர் செல்ரிசிகோ. தெஸ்பாய் இருக்காமல் நின்றபடியே கேட்டான்:

"அப்ப, என்ரை தங்கச்சிதான் இதுக்குச் செல்ரிசிகோவோ?"

தூதுவர் அன்பாகச் சிரித்தார். அது ஃபொர்சிக்ரிங்கில் வரும் சொல், இன்று நாங்கள் கதைப்பது ஃபொர்சோனிங், இரண்டும் கிட்டக்கிட்ட ஒலிக்கும், வெளிநாட்டவர் பலர் மாறிச் சொல்வார்கள் என்று திருத்திவிட்டார். சபையும் அன்பாகச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பதிலாக அவனை ஓங்கி அறைந்திருக்கலாம்.

கடைசி வரிசையிலிருந்து யோனாஸ் டேனிஷில் சொன்னான்:

"தெஸ்பாய் சரியாத்தான் சொன்னவர்."

யோனாஸ் எந்த ஊர் என்று விசாரித்த தூதுவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பாருங்கள், பேச்சு தொடங்கிவிட்டது என்றார். கூட்டம் நடத்திய பெண் கமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு பேரும் கைகொடுத்தபடி ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டாள். தெஸ்பாய் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு யோனாஸ் பக்கம் திரும்பி, தங்கள் மொழியில் ஒரு வசனம் சொன்னான். என்ன சொன்னாய் என்று காரில் கேட்டேன்.

"இப்பதான் வாயைத் திறந்தனி, அதுவும் டேனிஷிலை எண்டு சொன்னனான்."

வெளியே நல்ல மழை. பஸ் தரிப்பிடத்தில் யோனாஸ் நனைந்துகொண்டு நின்றான். பிராண்டேக்கு அந்த நேரம் எத்தனை பஸ் மாறவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் வேகத்தைக் குறைத்தேன். "அவனை ஏத்துறதெண்டா நிப்பாட்டுங்கோ அக்கா, நான் இறங்கி நடக்கிறன்" என்றான் தெஸ்பாய். நிறுத்தாமல் வந்துவிட்டேன். நீங்கள் என்றால் நிறுத்தி, இரண்டு பேரையும் பின்சீற்றில் ஏற்றி, பாட்டும் போட்டிருப்பீர்கள்.

பாதி வழியில்தான் தங்கையின் பெயரைக் கேட்டேன். லெத்தாய். தூதுவர் அதைக் கேட்கவில்லை. யோனாஸ் கேட்கவில்லை. இத்தனை காலம் நடுவில் நின்று சமாதானம் செய்த அண்ணையாவது ஒருநாள் கேட்டாரா என்று விசாரித்தேன். கேட்டதில்லையாம். அதுதான் என் கோபம்.

திவசத்துக்கு இருவரும் வருவார்கள், செத்தவீட்டுக் காரியத்துக்கு அழைப்பு வேண்டுமா? தெஸ்பாயை மத்தியானம் வரச்சொல்வேன், யோனாஸைப் பின்னேரம். கைகொடுக்கச் சொல்லமாட்டேன், கேக்கும் இல்லை. யோனாஸின் இலையில் சோற்றைப் போட்டு, அவன் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் அவள் பெயர் லெத்தாய் என்று சொல்வேன். அவன் சாப்பிட்டு எழும்பும்வரை வேறொன்றும் சொல்லமாட்டேன். இது என் சத்தியம், அண்ணை. உங்கள் படத்தை அவனுக்கு நேரே வைப்பேன், நீங்களும் கேட்டுக்கொண்டிருங்கள்.

உங்களைவிட வாய் பொல்லாத,
உங்கள் கடைசித் தங்கச்சி