இரண்டு யானை வெளியே நின்ற காலை

இன்று காலை புதுக் கம்பிவடச் சுருளைப் பிரித்தோம். அந்தக் கிரீஸ் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கையே ஓடவில்லை. “மேஸ்திரிக்கு என்னமோ ஆயிடுச்சு” என்று ஆட்கள் சிரித்தார்கள். நீ போய் இன்றோடு இருபது நாள்.

கெலமங்கலத்துக்கு மேலே, காட்டுக்கும் ராகிக் கொல்லைக்கும் நடுவில் நாம் வேலி போட்ட அந்த வருஷம். நான் வேலி கட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. நீ வனத்துறையில் தற்காலிகக் காவலர். இரும்புத் தூண் நட்டு நாலு வரிசை கம்பிவடம் இழுத்தாகிவிட்டது. யானைகள் வந்துபோகும் ஒரே ஒரு திறப்புதான் மிச்சம். தினமும் பொழுது சாயும்போது அங்கே தழைக்கொத்தால் மண்ணை இழுத்துச் சமன் செய்துவிட்டுப் போவாய். விடிந்ததும் குந்தி உட்கார்ந்து தடம் பார்த்து, காட்டைவிட்டு எத்தனை வெளியே போனது, எத்தனை திரும்பியது என்று விரல் மடக்குவாய். எனக்கு எரிச்சலாக வரும்.

அன்றைக்குப் பத்து மணிக்கு அதிகாரி பார்வையிட வருகிறார். அதற்குள் திறப்பை அடைத்துவிட வேண்டுமென்று எனக்கு அவசரம். நீயோ மண்ணைவிட்டு எழுந்திருக்கவில்லை.

“போனது அஞ்சு, வந்தது மூணு. தாயும் குட்டியும் இன்னும் வெளிய நிக்குது மேஸ்திரி.”

“ஆமா, உங்கிட்ட சொல்லிட்டுப் போச்சு பாரு. தூறல்ல தடம் அழிஞ்சிருக்கும்.”

“நான் ஏரிப்பக்கம் பாத்துட்டு வரேன். அதுவரைக்கும் கை வெக்காத.”

நீ போனாய். நான் கை வைத்தேன்.

நாலாவது வடத்தை முறுக்கி முடிக்கும்போது தைலமரத் தோப்புக்குள் பட்டாசு வெடித்தது. ஊர்க்காரர்கள் துரத்திக்கொண்டு வந்தார்கள். தாய் யானை முன்னால், குட்டி அதன் காலோடு ஒட்டி. பழகிய வழியென்று நேராகத் திறப்புக்கு வந்தது. திறப்பு இல்லை. வடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அது பிளிறியபோது என் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். நானும்தான் ஓடினேன், மறைப்பானேன்? அது திரும்பிக் கூட்டத்துக்குள் பாய்ந்திருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்களோ.

நீ மட்டும் வேலியை நோக்கி ஓடிவந்தாய். “பட்டாச நிறுத்துங்கடா பாவிங்களா!” என்று தமிழிலும் கன்னடத்திலும் கத்திக்கொண்டே, நான் போட்டுவிட்டு ஓடிய ஸ்பேனரை எடுத்து முனைத்தூணில் வடத்தைப் பிடித்திருந்த நட்டைக் கழற்றினாய். உனக்கும் தாய்க்கும் நடுவில் ஒரு லாரி நீளம்கூட இல்லை. விடுபட்ட வடம் எகிறி உன் முழங்காலுக்குக் கீழே அடித்தது. நொண்டிக்கொண்டே மற்ற மூன்றையும் கழற்றினாய். தாய் குட்டியை முன்னால் தள்ளிவிட்டுத் தானும் தாண்டிக் காட்டுக்குள் போனது. நான் பள்ளத்தில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி வந்தார். “யானை வெளிய நிக்கறப்ப அடைக்கச் சொன்னது யாரு?”

நீ முந்திக்கொண்டாய். “நான்தாங்க சார். எல்லாம் உள்ள வந்துருச்சுன்னு நான்தான் சொன்னேன். தடத்தத் தப்பாப் பாத்துட்டேன்.”

தப்பாகப் பார்த்தாயாம். நீ! நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிறகு கேட்டேன். “உன்ன அனுப்பிட்டா வேலி பாதியில நின்னுடும். அது யானைக்கும் ஆபத்து, ஊருக்கும் ஆபத்து. என்னைய என்ன, நாலு நாளு திட்டுவாங்க” என்றாய். திட்டோடு விடவில்லை, வேலையைவிட்டே எடுத்தார்கள். அப்புறம் ஓசூரில் ஒரு கம்பெனி வாசலில் நீலச் சட்டை போட்டு, லாரி எண் எழுதிக்கொண்டிருந்தாய். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உனக்கு டீ வாங்கிக் கொடுப்பேன். டீ! வெட்கங்கெட்டவன் நான். நெஞ்சு வலிக்குது என்று உட்கார்ந்தவன், அந்த வாசலிலேயே போய்விட்டாய்.

அடக்கம் முடிந்ததும் உன் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“அண்ணா, நீங்க கூட இருந்தீங்களே. மண்ணுல பூனை நடந்தாக்கூடச் சொல்லிடுவாரே. அன்னிக்கி மட்டும் எப்படிண்ணா தப்பாப் போச்சு?”

அவளிடம்கூட நீ சொல்லவில்லை. அப்போதும் நான் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றேன்.

இப்போதெல்லாம் வேலியில் கடைசித் திறப்பை அடைக்குமுன் நானே குந்தி உட்கார்ந்து தடம் பார்க்கிறேன். ஆனால் உன் பெயரில் நிற்கும் தப்பு அதனால் அழியாது. அதனால்தான் இதை எழுதினேன். நாளை ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் உன் வீட்டுக்கு வருகிறேன். உன் மனைவி கன்னடப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. நான்தான் வாய்விட்டு வாசிக்க வேண்டும்.